பனிச்சறுக்குக்கு முன் வீட்டு உடற்பயிற்சி இயந்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்தில் பிள்ளைகள் பள்ளியின் ஸ்கீ முகாமுக்குப் போய் வந்து, அடுத்த பிப்ரவரி விடுமுறைக்கு "நீங்களும் வாருங்கள்" என்று பெற்றோரை அழைப்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பழகிப்போன காட்சி. வெயிலில் வளர்ந்து, நாற்பது வயதை ஒட்டி முதன்முறையாகக் காலில் ஸ்கீயை மாட்டப்போகும் அந்தப் பெற்றோர் கேட்கும் கேள்விகளே பெரும்பாலும் இங்கே உள்ளன: வீட்டில் கிடக்கும் சைக்கிளோ ட்ரெட்மில்லோ இதற்கு உதவுமா, புதிதாக எதையாவது வாங்க வேண்டுமா, எத்தனை வாரம் தேவை. மலைச் சரிவில் இறங்கும் பனிச்சறுக்கை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியிருக்கிறேன். சமதளத்தில் நெடுந்தொலைவு செல்லும் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டுள்ளேன்.

வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் மிதித்தால் போதாதா?

மூச்சுக்குப் போதும், தொடைக்குப் போதாது. இதை நான் என் கால்களிலேயே கற்றுக்கொண்டேன். முதல் பருவத்துக்கு முன் மூன்று மாதம் ஒழுங்காகச் சைக்கிள் மிதித்திருந்தும், முதல் நாள் பயிற்சிச் சரிவில் நண்பகலுக்கு முன்பே முன்தொடைகள் நடுங்கத் தொடங்கின. மூச்சோ சிறிதும் வாங்கவில்லை. மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதியின் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக இறங்கினேன்.

தசை வேலை செய்யும் விதத்தில்தான் இதற்கான காரணம் இருக்கிறது. சைக்கிளின் மிதியை அழுத்தும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே விசையைத் தருகிறது. மிதி மேலே திரும்பும்போது மறுகாலின் அழுத்தம் அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவதால், தசை சிறிது நேரம் ஓய்வும் பெறுகிறது. சரிவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு திருப்பத்திலும் உடலின் எடையோடு திருப்பத்தால் எழும் விசையும் சேர்ந்து முழங்காலை மடக்கப் பார்க்கிறது. முன்தொடைத் தசை, நீண்டுகொடுத்தபடியே, அந்த மடங்கலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிணற்றிலிருந்து வாளியை இழுத்து எடுப்பதும், கனத்த பாத்திரமொன்றைக் கயிற்றில் கட்டிக் கை நழுவாமல் மெல்ல உள்ளே இறக்குவதும் ஒரே கைகள் செய்யும் இரண்டு வேறு வேலைகள். மிதியை அழுத்துவது போன்ற முதல் வகையைத் தள்ளும் வேலை என்றும், சரிவில் எடையைப் பிடித்து நிறுத்துவது போன்ற இரண்டாம் வகையைத் தாங்கும் வேலை என்றும் இங்கே அழைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் வெங்கன் ஊரில் ஜனவரிதோறும் நடக்கும் லாவ்பர்ஹோர்ன் சரிவுப் பனிச்சறுக்குப் பந்தயத்தின் தடம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளமானது. அதை இரண்டரை நிமிட அளவில் இறங்கி முடிக்கும் உலகத் தரப் போட்டியாளர்களே எல்லைக்கோட்டைக் கடந்ததும் குனிந்து தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுண்டு. மேலிருந்து கீழே வருவதில் அப்படி என்ன களைப்பு என்று கேட்பவர்களுக்கு அந்தக் காட்சியையே விடையாகக் காட்டலாம்.

சைக்கிள், நின்றபடி கால்களை நீள்வட்டத்தில் சுழற்றும் எலிப்டிகல், உட்கார்ந்து படகு வலிப்பதுபோல் இழுக்கும் துடுப்பு இயந்திரம், நின்ற இடத்திலேயே படியேறும் ஸ்டெப்பர் என வீட்டுக்கு வரும் இயந்திரங்களில் ஏறக்குறைய எல்லாமே தள்ளும் வேலைக்காகச் செய்யப்பட்டவை. எனவே இயந்திரத்தைப் பாதித் தயாரிப்பாக மட்டும் கொள்ள வேண்டும். மீதிப் பாதியை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த மீதிப் பாதியை, அதாவது தாங்கும் வலிமையை, வீட்டில் எப்படிப் பெறுவது?

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவருக்கு அதற்கான மிகச் சிறந்த கருவி வாசலிலேயே இருக்கிறது: படிக்கட்டு. லிஃப்டைத் தவிர்த்துப் படியேறுங்கள் என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. பனிச்சறுக்குக்குத் தயாராகிறவர் அதைத் திருப்பிப் போட்டு, லிஃப்டில் மேலே போய்ப் படிகளில் இறங்கி வர வேண்டும். மலையிலும் அதைத்தான் செய்யப்போகிறோம். முதல் வாரத்தில் ஐந்து மாடிகளை இரண்டு முறை இறங்கினால் போதுமானது. பிறகு வாரத்துக்கு ஓரிரு முறை வீதம் கூட்டிக்கொண்டு போகலாம். வேகமாகத் தடதடவென்று இறங்குவதில் பயன் குறைவு. பாதத்தை முழுதாக ஊன்றி, ஒவ்வொரு படியிலும் உடலின் எடையை மேல்படியில் நிற்கும் கால் மெதுவாக இறக்கி வைக்க வேண்டும். கைப்பிடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படிக்கட்டு இல்லாதவர் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பலகை ஒன்றின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நான்கு வினாடிகள் எடுத்து இறங்கலாம். முழங்கால் உள்நோக்கிச் சாயாமல், பாதத்தின் நடுவிரலுக்கு நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது. காலுக்கு எட்டு முறை வீதம் மூன்று சுற்றுகள் செய்தால் போதும். நாற்காலியில் "பொத்" என்று விழாமல் நான்கு எண்ணும் நேரத்தில் உட்காரப் பழகுவதும் இதே இனத்தைச் சேர்ந்த பயிற்சிதான். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதுகூட இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிற்பது, தாழ்ந்த நிலையில் நீண்ட நேரம் தாங்குவதற்குத் தொடையைப் பழக்கும்.

தாங்கும் வேலையை முதன்முறை செய்த பிறகு ஒன்றிரண்டு நாள் தொடை நன்றாக வலிக்கும். இது எதிர்பார்க்க வேண்டிய வலிதான். பழக்கமில்லாத தசை இப்படியொரு வேலையை ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதே அளவு வலியைத் தருவதில்லை என்பது விளையாட்டு உடலியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. நாளொன்றுக்கு இவ்வளவு ஃபிராங்க் என்று மலையேற்றும் லிஃப்டின் அனுமதிச் சீட்டுக்குக் கட்டிவிட்டு அந்த வலியை மலையில் வாங்குவதைவிட, டிசம்பரிலேயே வீட்டுப் படிக்கட்டில் இலவசமாக வாங்கிக்கொள்வது மேல்.

புதிதாக ஒரே ஓர் இயந்திரம் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

இதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. விடுமுறை முடிந்த பின்னும் நீங்கள் ஏறி உட்காரப்போகும் இயந்திரம் எது என்பதைக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதன் பிறகும் பனிச்சறுக்கை மட்டுமே அளவுகோலாக வைத்துக் கேட்டால், துடுப்பு இயந்திரத்துக்கு முதலிடம் தருவேன். அதில் கால்கள் மட்டுமன்றி, பிட்டமும் பின்தொடையும் முதுகும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. முன்தொடையை மட்டும் வளர்த்துவிட்டுப் பின்தொடையை மறந்துவிடுவது சைக்கிள்காரர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை. அந்தக் குறையைத் துடுப்பு ஓரளவு ஈடு செய்கிறது. இடுப்பிலிருந்து முன்சாய்ந்து முதுகை வளைக்காமல் வைத்திருக்கும் பழக்கமும் கிடைக்கும். காற்றுச் சக்கரம் உள்ள இயந்திரங்களின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோல் இருக்கும். அதை 10இல் வைத்தால்தான் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது காற்று நுழையும் அளவை மாற்றுவது மட்டுமே. பெரும்பாலானோருக்கு 3 முதல் 5 வரை சரியாக இருக்கும். மிகக் கூட்டினால் முதலில் முறையிடுவது கீழ்முதுகுதான்.

சைக்கிளுக்கு இரண்டாம் இடம். முழங்காலுக்கு இதமானது, சத்தமில்லாதது, செய்திகளைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம்; கடைசிக் காரணம் சிறியதாகத் தோன்றினாலும், இயந்திரங்கள் துணி காயப்போடும் கம்பிகளாக மாறாமல் இருப்பது பெரும்பாலும் அதனால்தான். மிதி அடிப்புள்ளியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை வைக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காற்சில்லின் பின்னால் வலி வரும்.

எலிப்டிகலில் மூச்சுப் பயிற்சி நன்றாகக் கிடைக்கும். ஆனால் அதன் மிதிபலகைகள் காலை ஏந்திக்கொண்டு செல்வதால், தொடைக்குச் சரிவின் நிலைமை எதுவும் அறிமுகமாவதில்லை. ட்ரெட்மில்லில் 10 முதல் 15 விழுக்காடு ஏற்றத்தில் வேகமாக நடப்பது பிட்டத்துக்கும் கெண்டைக்காலுக்கும் ஏற்றது. பலகையைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் வசதி சில ட்ரெட்மில்களில் உண்டென்றாலும், அந்தச் சாய்வு மிகச் சிறியது. படிக்கட்டுக்கு அது மாற்றாகாது.

பெயரிலேயே "ஸ்கீ" என்று இருக்கும் இயந்திரங்கள் இன்னும் பொருத்தமாக இருக்கும் அல்லவா?

எந்த ஸ்கீ என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட்2 நிறுவனம் துடுப்பு இயந்திரத்தின் காற்றுச் சக்கரத்தைச் செங்குத்தான கம்பத்தின் உச்சியில் வைத்து, மேலிருந்து இரு கயிறுகளை இழுக்குமாறு செய்த ஸ்கீ எர்க், சமதளப் பனிச்சறுக்கில் இரண்டு கோல்களையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும் அசைவுக்கானது. சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பந்தயத்துக்கோ, மார்ச் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் மலோயாவில் தொடங்கும் 42 கிலோமீட்டர் எங்கடின் ஸ்கீ மாரத்தானுக்கோ தயாராகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வீட்டு இயந்திரம் அரிது. சரிவில் இறங்கப் போகிறவருக்கோ அது தோளையும் வயிற்றையும் வலுப்படுத்துமே தவிர, தொடையைப் பெரிதாகத் தொடாது. பெயரை நம்பி வாங்கிவிட்டு இதைப் பின்னர் உணர்பவர்கள் உண்டு.

பழைய பொருள் சந்தைகளில் மரப் பலகைகளும் கைக்கயிறும் கொண்ட நோர்டிக்ட்ராக் இயந்திரத்தை இன்றும் காணலாம். மினசோட்டாவைச் சேர்ந்த எட்வர்ட் பால்ஸ் 1970களின் நடுவில் வடிவமைத்தது அது. பலகைகள் உருளைகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும். பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் சுழற்சக்கரம் பற்றிக்கொண்டு எதிர்ப்பைக் கொடுக்கும். இதுவும் சமதளப் பனிச்சறுக்கின் அசைவைத்தான் பின்பற்றுகிறது. முதல் வாரம் அதன் மேல் நிற்பதே பெரும்பாடு. தாளம் பிடிபட்ட பிறகு கையையும் காலையும் ஒருசேர இயக்கும் அருமையான கருவி. விலை மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

வளைந்த தண்டவாளத்தின் மேல் இடமும் வலமும் ஊஞ்சல்போல் ஆடும் மூன்றாவது வகை உண்டு. சரிவுப் பனிச்சறுக்கின் திருப்பங்களுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஒவ்வோர் ஓரத்திலும் வெளிப்பக்கக் கால் உடலைத் தாங்கி நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், தாங்கும் வேலையும் சிறிது கலந்திருக்கிறது. ஆனால் நல்லவை விலை கூடியவை, இடத்தை அடைப்பவை. மலிவானவை உடல் எடைக்கு அசைந்து ஆடி நம்பிக்கையைக் குலைப்பவை. பருவத்துக்கு ஒரு வாரம் மட்டும் மலைக்குப் போகும் குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

எட்டு வாரம் வசதியானது. ஆறு வாரத்திலும் நல்ல பயன் கிடைக்கும். பிப்ரவரி நடுவில் விடுமுறை என்றால், டிசம்பர் நடுவில், பண்டிகைப் பலகாரங்களுக்கு முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கடினம்.

முதல் மூன்று வாரமும் இயந்திரத்தில் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் படியிறக்கமும் மேலே சொன்ன தரைப் பயிற்சிகளும் செய்யுங்கள். நான்காம் வாரத்திலிருந்து இயந்திரத்தில் ஒன்றிரண்டு நாட்களை, வேகமும் மெதுவும் மாறிமாறி வரும் இடைவெளிப் பயிற்சிக்கு மாற்றலாம். சரிவில் இரண்டு மூன்று நிமிடம் இறங்குவதும், பின்பு கம்பியில் தொங்கியபடி மலையேற்றும் நாற்காலி லிஃப்டில் ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து போவதும்தான் மலையில் ஒரு நாளின் தாளம். அந்தத் தாளத்தை வீட்டுக்குக் கொண்டுவர, இரண்டு நிமிடம் ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாத வேகத்திலும், மூன்று நிமிடம் மிக மெதுவாகவும் என ஐந்து அல்லது ஆறு சுற்றுகள் செய்ய வேண்டும். பழகியவர்கள் மெதுவான மூன்று நிமிடத்தில் இயந்திரத்தை விட்டிறங்கி அரை நிமிடம் சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டுத் திரும்பலாம். மூச்சு வாங்கும் நிலையிலேயே தொடை தாங்கப் பழகுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஏழாம் வாரம் உச்சமாக இருக்கட்டும். எட்டாம் வாரத்தில் அளவைப் பாதியாகக் குறைத்து, பயணத்துக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் படியிறக்கத்தை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

சமநிலையை எந்த இயந்திரம் தரும்?

எதுவும் தராது. இருக்கையோ கைப்பிடியோ உள்ள எல்லா இயந்திரங்களும் சமநிலையை நமக்காக அவையே பார்த்துக்கொள்கின்றன. ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குங்கள். அது எளிதானதும் மடித்த துவாயின் மேல் நின்று துலக்குங்கள்.

கால் வலுவாக இருந்தால் முழங்கால் காயம் வராது என்பது உண்மையா?

அப்படி யாரும் உறுதி தர முடியாது. பனிச்சறுக்கில் மிகுதியாகக் காயப்படும் உறுப்பு முழங்கால்தான். தொடக்கநிலையினர் ஸ்கீகளின் நுனிகளைச் சேர்த்து வால்களை விரித்து வேகத்தைக் குறைக்கும்போது, ஸ்கீ வெளிப்பக்கம் வழுக்கிச் சென்றால், முழங்காலின் உட்பக்கத் தசைநார் இழுபடுகிறது. பின்னால் சாய்ந்து விழும்போது முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் முன் தசைநார் அறுந்துபோகலாம். காலணியை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் பூட்டுகள் கெண்டைக்கால் எலும்பு முறிவைப் பெரிதும் குறைத்திருந்தாலும், முழங்காலை எல்லாக் கோணங்களிலும் காப்பதில்லை. பூட்டின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, காலணியின் நீளம், திறன் ஆகியவற்றைக்கொண்டே கடையில் அமைப்பார்கள். கூச்சத்தால் எடையைக் குறைத்தும் திறனைக் கூட்டியும் சொல்லக்கூடாது.

வலுவான பின்தொடையும் பிட்டமும் முழங்காலை நேராகப் பிடித்துவைக்க உதவுகின்றன. அதைவிட முக்கியமானது, களைப்பு தாமதமாக வருகிறது என்பது. களைத்த தொடை உடலைப் பின்னோக்கி உட்காரவைக்கிறது. பின்னோக்கி உட்கார்ந்தால் முன்தொடைக்குச் சுமை இன்னும் கூடுகிறது. அதனால் இன்னும் களைக்கிறது. இந்தச் சுழலில் மாட்டியவர்தான் "கடைசியாக ஒருமுறை" என்று மேலே போய் விழுகிறார். தொடக்கநிலையில் தொடை எரிவதற்குப் பாதிக் காரணம் வலிமைக் குறைவு, பாதிக் காரணம் பிழையான நிலை என்பதால், எட்டு வாரப் பயிற்சியோடு முதல் மூன்று நாட்களுக்கு ஆசிரியரையும் அமர்த்திக்கொள்வது வீண் செலவாகாது.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏற்கெனவே முழங்கால் வலியும் உண்டு. தொடங்கலாமா?

முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். தெற்காசியரிடையே இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் மற்ற பலரைவிட இளம் வயதிலேயே வருவதால், நாற்பதைக் கடந்து நீண்ட காலம் உடற்பயிற்சியின்றி இருந்தவர், நோய் எதுவும் இல்லை என்று நினைத்தாலும், இடைவெளிப் பயிற்சிக்கு முன் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அறிவுடைமை. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இன்சுலின் போடுபவருக்கு மலையில் கூடுதல் கவனம் தேவை. நாள் முழுதும் உடல் உழைப்பதால் சர்க்கரை தாழலாம். குளிரில் அளவுமானி பிழையாகக் காட்டலாம் அல்லது வேலை செய்யாமல் போகலாம். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. இரண்டையும் வெளிப் பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உட்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முழங்காலைப் பொறுத்தவரை, பயிற்சியின்போது இலேசான வலி வந்து மறுநாளுக்குள் தணிந்துவிட்டால் அளவைக் கூட்டாமல் தொடரலாம். வீங்கினாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கிக் கைவிட்டாலோ, இயந்திரத்தை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

காஷ்மீரின் குல்மார்க் போன்ற உயரமான இடத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே அதற்குப் பழக முடியுமா?

முடியாது. குல்மார்க் ஊரே ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஊரில் முக்கால் பங்கு அளவும், மேலே மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவும்தான் கிடைக்கும். சைக்கிளில் எவ்வளவு மிதித்திருந்தாலும் இந்தக் குறையை உடல் அங்கே போய்த்தான் பழகிக்கொள்ள வேண்டும். நல்ல உடற்கட்டு உள்ளவரையும் உயர நோய் விட்டுவைப்பதில்லை. சென்னையிலிருந்து புறப்பட்டு மறுநாளே மேல் கட்டத்துக்குப் போக நினைப்பவர்கள், முதல் ஓரிரு நாட்களை ஊரின் தாழ்ந்த சரிவுகளிலேயே கழித்துவிட்டுப் போனால் நல்லது.

பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சி வேண்டுமா?

வேண்டாம். ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு அதுவே போதும். ட்ரெட்மில்லின் ஓடும் பட்டையில் சிறு விரல்கள் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால், பயன்படுத்தாத நேரங்களில் அதன் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கீழ்வீட்டார் சத்தத்தைப் பற்றி முறையிட்டால்?

தடித்த ரப்பர் விரிப்பு அதிர்வைக் குறைக்கும். சுவிஸ் குடியிருப்புகள் பலவற்றில் இரவு பத்து மணிக்குப் பிறகும், நண்பகலில் ஒரு மணி நேரமும் அமைதி காக்க வேண்டும் என்று வீட்டு விதிகளில் எழுதியிருக்கும்; ட்ரெட்மில்லை அந்த நேரங்களில் தொடாதீர்கள். சைக்கிளுக்கு முதலிடமே தந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கேள்வியின்போதுதான்.

முதல் நாள் மலையில் என்ன செய்ய வேண்டும்?

ஸ்கீகளும் காலணிகளும் சேர்ந்து பத்துக் கிலோ அளவுக்கு வரும். வாகன நிறுத்தத்திலிருந்து அவற்றைச் சுமந்துகொண்டு விறைத்த காலணியோடு நடப்பதிலேயே உடல் சூடாகிவிடும் என்றாலும், லிஃப்டிலிருந்து இறங்கியதும் பத்து முறை மெதுவாக உட்கார்ந்தெழுந்து, கால்களை முன்னும் பின்னும் வீசிவிட்டுத் தொடங்குங்கள். நாற்காலி லிஃப்டில் குளிரில் உட்கார்ந்து வந்த தொடை, வீட்டில் பயிற்சி செய்த தொடையைப்போல் நடந்துகொள்வதில்லை. கோலின் கயிற்றைக் கட்டைவிரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விழும்போது கட்டைவிரலின் அடித் தசைநார் கிழிவது பனிச்சறுக்குக்காரர்களுக்கென்றே பெயர்பெற்ற காயம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடை மிகவும் கனத்தால், அன்று பிற்பகல் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலையில் திரும்பிப் போங்கள்.